அக்கா கோடு, தம்பி கோடு

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பியும் உன்னிடமிருந்து பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை. ஷெட்டில் நிற்கிற அப்பாவின் பழைய டிராக்டர், முரடன் என்று நாம் செல்லமாகக் கூப்பிட்ட அந்தச் சனியன், இனி இருக்கக்கூடாது. பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசியாகிவிட்டது. இருபத்தெட்டாம் தேதி காலையில் காஸ் கட்டரோடு லாரியில் வருவார். துண்டு துண்டாக வெட்டி ஏற்றிக்கொண்டு போவார். எனக்கு அதில் ஒரு ஆணிகூட வேண்டாம்.

அப்பா நம் இருவர் பெயரிலும் எழுதி வைத்துவிட்டுப் போனதால் உன் கையெழுத்தும் தேவை. காகிதம் இத்துடன் இருக்கிறது. பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடு.

என் வலது மணிக்கட்டு இன்றைக்கும் பாதிதான் திரும்பும். பஸ் ஓட்ட வேண்டியவன், பஸ் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறேன். சட்டைக்குப் பொத்தான் போட இடது கை, பல் தேய்க்க இடது கை. இத்தனையும் செய்த இரும்பு மட்டும் நம் வீட்டில் தகரக் கூரைக்கு அடியில் நனையாமல் காயாமல் சொகுசாக நிற்கிறது. யார் மேல் தப்பு என்று மறுபடி கிளற வரவில்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தம்பி

பிப்ரவரி 8

தம்பி,

கடிதம் வந்தது. காகிதமும் வந்தது. ஷெட் கதவு காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. உன் காகிதத்தை நான்காக மடித்து அடியில் செருகினேன். இப்போது நன்றாக நிற்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். போனில் சொல்லலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். எழுத்தில் சொன்னால் வைக்க முடியாதில்லையா, அதனால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்: மாட்டேன்.

நீ ஒரு மணிக்கட்டைப் பற்றி எழுதினாய். நான் பதினொரு வருஷத்தைப் பற்றி எழுதட்டுமா? தையல் கம்பெனியில் நூற்று அறுபது மிஷின்கள். எது நின்றாலும் 'மெக்கானிக்கம்மா எங்கே' என்றுதான் தேடுவார்கள். தெருவில் யார் வீட்டு மோட்டார் மக்கர் பண்ணினாலும் கதவைத் தட்டுவது நம் வீட்டில்தான். அப்பாவிடம் மட்டும் ஒரு ஸ்பேனர் கேட்டால், 'எதுக்கு, இன்னொருத்தன் கையை உடைக்கவா?' என்பார். கோபமாகக்கூட இல்லை. சாப்பிட்டுக்கொண்டே, மோர் கேட்கிற மாதிரிச் சொல்வார். ஷெட் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்குவார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. போகும்வரை அந்தச் சாவி என் கைக்கு வரவில்லை.

இப்போது என்னிடம் இருக்கிறது. முந்தாநாள் திறந்துவிட்டேன்.

கேட்டுக்கொள். இருபத்தெட்டாம் தேதிக்குள் முரடனை என் கையால், தனியாக, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்வேன். மேக்னெட்டோ பொறி விடும் டைமிங்கையும் நானே வைப்பேன். முடியாவிட்டால் கதவுக்கு அடியில் இருக்கும் காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறேன், உன் ஆள் வெட்டட்டும். ஸ்டார்ட் ஆகிவிட்டால் அவர் வந்த வழியே போக வேண்டும், நீயும் அதன் பிறகு வாயைத் திறக்கக்கூடாது. சம்மதமா?

அக்கா

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நீ டைமிங் வைக்கப் போகிறாயா! கவுன்டரில் உட்கார்ந்து படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். வரிசையில் நின்ற ஆள், 'என்ன சார், பஸ் ரத்தா?' என்று பயந்துபோய்க் கேட்டார்.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். இன்ஜினின் ஃப்ளைவீல் சக்கரத்தில் இரண்டு கோடுகள். பக்கத்தில் வெட்டியிருந்த அந்நிய எழுத்தைத் துரு தின்றுவிட்டதால் அப்பா நம்மைப் பெயராக வைத்தார். சக்கரம் சுற்றும்போது அதன் மூடியில் இருக்கும் சின்ன ஜன்னலில் முதலில் வருவது அக்கா கோடு, அடுத்து வருவது தம்பி கோடு. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் இடம் தம்பி கோடு. ஹேண்டில் போடும்போது மேக்னெட்டோ அங்கேதான் பொறியை விட வேண்டும். அக்கா கோட்டிலேயே விட்டுவிட்டால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வெடித்து, ஹேண்டில் திருப்பி அடிக்கும். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் ஹேண்டில் போட்டபோது என் மணிக்கட்டில் அடித்தது. நீ அக்கா கோட்டில் வைத்தாய். உன் பெயர் என்று ஆசையாக இருந்ததோ என்னவோ.

சரி, சம்மதம். இருபத்தெட்டு வரை வைத்துக்கொள். உன் வீம்பு உனக்கே புத்தி சொல்லட்டும்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றி மடக்காதே. மற்ற நாலு விரலோடு ஒரே பக்கம் வை. மேலே இழு, கீழே அழுத்தாதே. இதை அக்கறையில் எழுதவில்லை. உன் கையும் போனால் அம்மாவைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

தம்பி

பிப்ரவரி 17

தம்பி,

இதை எழுத இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டிருக்கலாம். உனக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் எனக்கு அப்படி வராது.

மேக்னெட்டோவைத் தொடுவதற்கு முன்னால், அது இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். அன்றைக்குப் பிறகு யாரும் அதில் கை வைக்கவில்லை. போல்ட் தலையில் என் ஸ்பேனர் கீறிய தடம்கூட அப்படியே இருக்கிறது. முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து, காற்று விரலைத் தள்ளும்வரை சக்கரத்தை நகர்த்தினேன். அப்புறம் மெதுவாக, மயிரிழை மயிரிழையாக. மேக்னெட்டோவுக்குள் ஒரு ஸ்பிரிங் கொக்கி இருக்கிறதே, மெதுவாகச் சுற்றும்போது பிடித்து வைத்திருந்து 'டக்' என்று விட்டுப் பொறியைக் கிளப்புமே, அது எங்கே விடுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

டக் என்றது. ஜன்னலுக்கு ஓடிவந்து பார்த்தேன். அக்கா கோடு.

திரும்ப ஒரு சுற்று. அக்கா கோடு. மூன்றாவது தடவையும் அக்கா கோடு.

ஷெட் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து, 'என்னடி ஆச்சு, கையைக் காட்டு' என்றாள். 'கை நல்லாத்தாம்மா இருக்கு' என்றேன். பதினொரு வருஷமாக நான் சரியாகத்தான் வைத்தேன் என்று எல்லாரிடமும் சண்டை போட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் காடாற்றி வந்த அன்றைக்குக்கூட அத்தையிடம் போட்டேன். வைத்தது தப்பான இடத்தில்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மேக்னெட்டோ என் பக்கம். சக்கரத்தின் ஜன்னல் எதிர்ப் பக்கம், உன் பக்கம். இரண்டையும் ஒருத்தர் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. கம்பியால் சக்கரத்தை நெம்பியது நீ. கோட்டைப் பார்த்தது நீ. 'தம்பி வந்துட்டான், இறுக்கு!' என்று கத்தியதும் நீ. நீ சொன்ன இடத்தில், மேக்னெட்டோ டக் என்னும்வரை சாய்த்து நான் இறுக்கினேன். அப்படியிருக்க உன் ஜன்னலில் நின்றது எப்படி அக்கா கோடாக இருந்தது?

அக்கா

பிப்ரவரி 20

அக்காவுக்கு,

ஆக, ஒப்புக்கொண்டாய். இதை எழுத உனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மற்றபடி யார் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் கோட்டைப் பார்த்தார்கள் என்றெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு எனக்கு எலும்பு இரண்டாக உடைந்தது, அக்கா. அப்படிப்பட்ட நாளில் யார் என்ன கத்தினார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியுமா? கேள்வி கேட்பது சுலபம்.

இனி எதற்கு வீம்பு? வைக்கத் தெரியாது என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டாய். காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போடு.

தம்பி

பிப்ரவரி 22

தம்பி,

காதில் பூ சுற்றாதே. பொய் சொல்லும்போதுதான் நீ 'அக்கா' என்று வாக்கியத்தின் கடைசியில் கூப்பிடுவாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

நேற்று கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, உன் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே, நீ குந்திய அதே இடத்தில். கம்பியை எடுத்துச் சக்கரத்தின் பல்லில் கொடுத்து நெம்பினேன். பிளக் இல்லாததால் சக்கரம் வெண்ணெய் மாதிரி நழுவியது. அக்கா வந்தாள், தம்பி வந்தான், நிறுத்துவதற்குள் இரண்டு பேரும் தாண்டிப் போய்விட்டார்கள். யாருக்கும் நடக்கும். முறையாகச் செய்தால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு முழுச் சுற்று முன்னால் சுற்றிக் கொண்டுவர வேண்டும். அன்றைக்கு வெயில், அவசரம், அப்பா வயலில் காத்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பியை மாற்றிக் கொடுத்துப் பின்னால் நெம்பினேன்.

ஜன்னலில் ஒரு கோடு வந்தது. முதலில் வருவது அக்கா என்றுதானே அப்பா சொல்லிக் கொடுத்தார்? அதை விட்டேன். அடுத்து ஒன்று வந்தது. அடுத்து வருவது தம்பி. நிறுத்தினேன்.

அது அக்கா கோடு.

புரிகிறதா? சக்கரம் முன்னால் சுற்றினால்தான் நான் மூத்தவள். பின்னால் சுற்றினால் நீ மூத்தவன் ஆகிவிடுகிறாய். நம் வீட்டைத் தவிர வேறு யார் வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. வேறு யாரும் கோட்டுக்குப் பிள்ளைகள் பெயரை வைப்பதில்லை.

என் பக்கமும் தப்பு உண்டு. இறுக்கிய பிறகு நானே சுற்றி வந்து ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்தது போதும்.

உன்னிடம் ஒரே கேள்வி. அன்றைக்குக் கோட்டைத் தாண்டிப் போய்ப் பின்னால் நெம்பினாயா, இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. 'ஞாபகம் இல்லை' என்று எழுதினால் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவேன். பிரிக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்காதே, எனக்குத் தெரியும்.

அக்கா

பிப்ரவரி 25

அக்காவுக்கு,

ஆமாம்.

நாலு காகிதம் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். தாண்டியது. பின்னால் நெம்பினேன். அப்போது தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய், நின்று, திறந்திருந்த ஜன்னல் காற்றில் அது பின்னால் ஒரு அரைச் சுற்றுச் சுற்றியது. எல்லாம் புரிந்துவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். 'மேக்னெட்டோவ அவளா வச்சா?' என்று கேட்டார். நான் 'ஆமாம்ப்பா' என்றேன். அது பொய் இல்லை. வைத்தது நீதான். அதற்குமேல் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் ஷெட்டைப் பூட்டிவிட்டார் என்று அம்மா சொன்னாள். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிவிட்டது. அதனால்தான் உன் குரல் கேட்டால் போனை வைக்கிறேன். முரடனை வெட்டச் சொன்னதும் அதனால்தான். யாராவது ஒருநாள் அந்த ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள் என்று எனக்குப் பயம்.

அக்கா, ஒன்று செய்யலாம். டிராக்டர் முழுக்க உனக்கே. என் பங்கை எழுதிக் கொடுத்துவிடுகிறேன். நீ ஸ்டார்ட் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும் சரி. நீ சரி என்றால் இரும்புக் கடைக்காரரை உடனே நிறுத்திவிடுகிறேன். அம்மாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அவளுக்கு வயசாகிவிட்டது. தாங்க மாட்டாள். 'சரி' என்று ஒரு வார்த்தை போன் செய். இந்தத் தடவை வைக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 1

தம்பி,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி மத்தியானம் வந்தது. போன் செய்யவில்லை. இரும்புக் கடைக்காரர் நேற்றுக் காலையில் சொன்னபடி வந்தார். நல்ல மனுஷர். கட்டரை இறக்குவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, 'எங்கேர்ந்தும்மா ஆரம்பிக்கறது?' என்று என்னிடமே கேட்டார்.

'கொஞ்சம் ஒக்காருங்க. இது ஓடலன்னா ஆரம்பிக்கலாம்' என்றேன்.

'இதுவா? இது ஓடி நான் பார்த்ததே இல்லியே.'

'இன்னிக்குப் பார்ப்பீங்க.'

டைமிங் முந்தின நாளே வைத்துவிட்டேன். முன்னால் சுற்றியே கொண்டுவந்தேன். தம்பி கோட்டில் நிறுத்தி, மறு பக்கம் ஓடி, டக் என்னும்வரை மேக்னெட்டோவைச் சாய்த்து, இறுக்கி, திரும்ப இந்தப் பக்கம் ஓடிவந்து பார்த்து, மறுபடி இரண்டு சுற்று. மேக்னெட்டோவுக்குள் பொறியை உண்டாக்கும் பாயின்ட்டுகள் பச்சை பூத்துப் போயிருந்தன, தேய்த்துச் சுத்தம் செய்தேன். பெட்ரோல் குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. ஒரு முழு மத்தியானம் அதோடு போனது.

முதல் இழுப்பில் ஒரு தும்மல். இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. மூன்று, நாலு, ஐந்து. பெட்ரோல் அதிகமாகிவிட்டது. நாலு பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். அம்மா ஷெட் வாசலில் நின்று, 'போதும்டி, வந்துடு, உன் காலைப் பிடிச்சுக்கறேன்' என்று அழுதாள். இரும்புக் கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். 'எனக்கு இன்னொரு எடம் போகணும்மா.'

'போங்களேன், யார் பிடிச்சு வச்சா?' என்றேன். அவர் போகவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. உன்னிடம் மறைக்கவில்லை. கட்டைவிரலை நாலு விரலோடு வைத்தேன். இழுத்தேன். டக். அவ்வளவுதான் கேட்டது. அதற்கு அப்புறம் எதுவும் கேட்கவில்லை, தகரக் கூரை பூராவும் அதிர்ந்தது. கறுப்புப் புகையில் இரும்புக் கடைக்காரர் முகம் தெரியவில்லை. அவர் கைதட்டியது மட்டும் தெரிந்தது. அம்மா என்னிடம் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். 'நிறுத்துடி, வீடே ஆடுது' என்றாள். நான் நிறுத்தவில்லை. பெட்ரோல் தீரும்வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி உன் பேரத்துக்கு வருகிறேன். டிராக்டரை நீ எனக்குத் தர வேண்டாம். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்ததை ஒருத்தர் தானமாகத் தருகிறேன் என்றால் எனக்குக் கோபம் வரும். அம்மா தாங்க மாட்டாள் என்கிறாய். பெண் கையை வைத்தால் விளங்காது என்ற பேச்சைப் பதினொரு வருஷம் தாங்கியவளுக்கு, பிள்ளை கோட்டைத் தப்பாகப் பார்த்தான் என்பதைத் தாங்கத் தெரியாதா?

உன் கடிதத்தை அவளுக்கு நான் படித்துக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். உன் வாயிலிருந்து வராமல் போன வார்த்தை, அது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை, விசாரித்துவிட்டேன். வா. வராவிட்டால் முரடனை ஓட்டிக்கொண்டு உன் பஸ் நிலையத்துக்கே வருவேன். மூன்று நாள் ஆகும், ஆகட்டும். உன் கவுன்டர் எதிரில் நிறுத்தி, வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன். நான் செய்யக்கூடியவள் என்று உனக்குத் தெரியும்.

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

வீட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போதே எழுத ஆரம்பித்தேன். கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் வந்ததிலிருந்து நீ ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. நானும் உள்ளே வரவில்லை. சமையலறையில் அம்மாவிடம் சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்கார முடியவில்லை. காற்றாடி, சக்கரம், அப்பா கேட்டது, நான் சொன்னது எல்லாம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் குழாயை மூடினாள். 'அவருக்குத் தெரியுமா?' என்றாள். தெரியாது என்றேன். 'அவர்கிட்டச் சொல்லாம எங்கிட்ட எதுக்குடா சொல்றே?' என்றாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு நேராக உன்னிடம் வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நீ தலையை ஆட்டி மறுத்தாய். என்ன சொன்னாள்? என்னைப் பற்றியா?

அத்தைக்கும் எழுதிவிட்டேன். நீ சொல்லி எழுதவில்லை, நானாகத்தான்.

தம்பி

மார்ச் 13

தம்பி,

உன்னைப் பற்றி இல்லை. எல்லாம் உன்னைப் பற்றியே இருக்க வேண்டுமா?

'உங்கப்பா இருந்திருந்தா உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பாருடி. அவருக்குப் பதிலா நான் கேக்கறேன்' என்றாள். 'வேணாம்மா' என்றேன். அவர் கேட்டிருக்க மாட்டார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேசாமல் ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டியிருப்பார், அதுதான் அவர். அதை அவருக்குப் பதிலாக இன்னொருத்தர் செய்ய முடியாது. அவர் அதைச் செய்யும் வாய்ப்பு பதினொரு வருஷம் உன் வாய்க்குள் இருந்தது.

அதனால் மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வராததை எழுத மாட்டேன். உன்னோடு பேசுவேன், நீ வந்தால் சாப்பாடு போடுவேன், உன் கைக்கு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் விசாரிப்பேன். மற்றது வரும்போது வரட்டும். வராமலும் போகலாம். இரண்டுக்கும் தயாராக இரு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. கம்பெனியில் என்னை ரொம்ப ஜாக்கிரதையானவள் என்பார்கள். ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால், மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து இறுக்கிப் பார்ப்பேன். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடி போய் இன்னொரு தடவை பார்ப்பேன். வாசல்வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. சூப்பர்வைசர் என்னை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். அது ஜாக்கிரதை இல்லை, தம்பி. என் கையை நானே நம்பவில்லை.

நேற்று நாற்பத்து மூன்றாம் மிஷினில் ஊசி மாட்டும் கம்பியை மாற்றினேன். ஒரு தடவை இறுக்கினேன். அடுத்த மிஷினுக்குப் போய்விட்டேன்.

அக்கா